கிளிக்கூண்டுக் கேள்வி

"ஆறாவது பக்கமா? அதுக்குப் பேசாம, அப்படி ஒரு கடையே இல்லன்னு சொல்லிடலாம்!" என்று கத்தினார் கடைக்காரர்.

"கத்தாதீங்க மாமா. நெட்ல தேடினா ஆறாவது பக்கத்துல மேலேயிருந்து மூணாவது இடம்" என்றாள் கொழுந்தியாள்.

"ரொம்பப் பெருமையா இருக்கு."

கொழுந்தியாளுக்கு இணையதள வேலைதான் தொழில். அக்கா போனில் அழுத அழுகையைக் கேட்டு, லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

அக்கா அழுததில் நியாயம் இருந்தது. கடை மின்சார உதிரிபாகக் கடை; அதில் விற்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சைச் செய்யும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. மாதம் முடிவதற்குள் தேடலில் முதல் பக்கத்துக்கு வராவிட்டால், விநியோக உரிமையை வேறு கடைக்குக் கொடுத்துவிடுவார்களாம். கடையில் பாதி வியாபாரம் அந்த ரிலேதான். அது போனால் பின்னால் பேக்கிங் செய்யும் நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"போன வருஷம் வரைக்கும் நாமதானே முதல்ல வந்தோம்? யாரு கண்ணு பட்டுச்சு?"

"கண்ணும் இல்ல, காதும் இல்ல. தேடல் காட்டுற முறையையே மாத்திட்டாங்க மாமா. முன்னாடி பார்ட் நம்பர் அடிச்சா உங்க பட்டியல் வந்து நிக்கும். இப்போ வெறும் பட்டியலைக் கீழ தள்ளிடுது. ஜனங்க கேக்குற கேள்விக்கு அனுபவத்தோட பதில் சொல்ற கடையைத்தான் மேல ஏத்துது. உங்க சைட்ல பத்தாயிரம் நம்பர் இருக்கு, மனுஷன் பேச்சு ஒரு வரி இல்ல."

"இப்போ முதல்ல யாரு?"

"அடுத்த ஊர்க் கடை. ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகல. கேளுங்க, என்ன எழுதியிருக்காங்கன்னு." அவள் திரையைப் பார்த்து வாசித்தாள். "ரிலே டக் டக்னு அடிச்சா ரிலேயைத் திட்டாதீங்க. உள்ள இருக்கிற கம்பிச்சுருளுக்கு வோல்டேஜ் ஒழுங்கா வருதான்னு பாருங்க. பசிக்கிற குழந்தை அழத்தான் செய்யும்."

கடைக்காரர் தொடையைத் தட்டினார். "அடடா! எவனோ விஷயம் தெரிஞ்சவன். நான் மனசுல நினைக்கிறதை அப்படியே எழுதியிருக்கான்!"

"பேர் போடல. 'எங்கள் நிபுணர் பதில்'னுதான் இருக்கு. இப்படி ஒருத்தர் நம்மகிட்ட இருந்தா மாசக் கடைசிக்குள்ள மேல ஏறிடலாம்."

"பிடி அந்த ஆளை! என்ன சம்பளம் கேட்டாலும் சரி."

பில் மேஜையிலிருந்து மனைவி நிமிர்ந்தாள். "ஆளை வெச்சு என்ன பண்ணப் போறீங்க? அவரோட பேச உங்களுக்கு நேரம் ஏது? கேளுடி, தினம் பதினோரு மணியானா ஒரு வாத்தியார் போன் பண்ணுவாரு. வகுப்புல பிள்ளைங்க கேட்ட சந்தேகமாம். இவரு அரை மணி நேரம் பாடம் நடத்துவாரு. வாசல்ல கஸ்டமர் நின்னாலும் கண்ணு தெரியாது. அந்த மனுஷன் எட்டு மாசத்துல ஒரு ஃபியூஸ்கூட வாங்கினதில்ல."

"படிப்புச் சொல்லிக்கொடுக்கிறவர்டி. நாலு பிள்ளைங்க கத்துக்கிட்டுப் போகட்டுமே."

"ஆமா, ஊருக்கு உபதேசம் பண்ணத்தான் உங்களைப் பெத்துப் போட்டாங்க."

பதில் சொன்னால் வம்பு என்று, பார்சலுக்கு டேப் ஒட்டுகிற ஆட்களைப் பார்க்கக் கடைக்காரர் பின்பக்கம் நழுவினார்.

கொழுந்தியாள் கம்ப்யூட்டரை இழுத்து வைத்துக்கொண்டாள். "அக்கா, நாமளும் அந்தக் கடைக்கு ஒரு கேள்வி அனுப்புவோம். அன்னிக்கே பதில் வருமாம். பதில் வந்ததும் நன்றி சொல்ற மாதிரி பேச்சுக் கொடுத்து, நிபுணர் யாருன்னு கறந்துடறேன். ஆனா இதுவரைக்கும் யாருமே கேட்டிருக்காத கேள்வியா இருக்கணும். இல்லேன்னா பழைய பதிலையே எடுத்து ஒட்டிடுவாங்க."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு கடகடவென்று அடித்து அனுப்பினாள். எட்டிப் பார்த்த அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன்டி, கிளிக்கூண்டுக்கு யாராவது மோட்டார் வெச்ச கதவு போடுவாங்களா?"

"எனக்கென்னக்கா தெரியும்? வாயில வந்ததை அடிச்சேன். நமக்கு ஆள்தானே வேணும், கிளியா வேணும்?"

இரண்டு பேரும் சிரித்து ஓய்வதற்குள் பதினோரு மணி ஆகிவிட்டது. மேஜைமேல் போன் அடித்தது. பின்பக்கமிருந்து கடைக்காரர் ஓட்டமாக வந்து எடுத்தார்.

"வந்துட்டாருய்யா வாத்தியார்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வணக்கம் சார்! சொல்லுங்க, இன்னிக்குப் பிள்ளைங்க என்ன கேட்டாங்க? என்னது? சரியாக் கேக்கல சார், இன்னொரு தடவை சொல்லுங்க." கடைக்காரர் கடகடவென்று சிரித்தார். "கிளிக்கூண்டா? மோட்டார் கதவு மூடும்போதெல்லாம் பக்கத்து ரூம்ல ரேடியோ கரகரங்குதா? உங்க பசங்களுக்கு மட்டும் எப்படி சார் இப்படியெல்லாம் சந்தேகம் வருது! பேனா எடுத்தாச்சா? எழுதிக்கோங்க. மோட்டார் சும்மா நிக்காது சார், நிக்கும்போது ஒரு உதை உதைக்கும். அதுக்கு நீங்க..."

கொழுந்தியாள் வாயைப் பிளந்தபடி அக்காவைப் பார்த்தாள். அக்கா எழுந்து வந்து புருஷன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"மன்னிச்சுக்கோங்க வாத்தியாரே, மிச்ச பதில் கிடைக்காது. உங்க நிபுணர் இன்னியிலேருந்து எங்க கடையில வேலைக்குச் சேர்ந்துட்டாரு."