ஷேட் கார்டு

“அழுதுகிட்டே தைச்சா தையல் கோணாம என்ன செய்யும்?”

கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது பெயிண்ட் கடைக்காரர் அவளைப் பார்த்து இப்படிக் கேட்டாராம். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மனைவி சொன்னதைக் கேட்டு அவனுக்கு ரத்தம் கொதித்தது.

“யாரு, அந்த முசுடா?”

“வேற யாரு? நான் தைச்ச துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றான். தையல் கோணலாம். தையலைப் பத்தி இவனுக்கு என்ன தெரியும்?”

சொல்லிவிட்டுத் தையல் மேஜைக்குப் போய்விட்டாள்.

ஒரே மகள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தது இவர்கள் இரண்டு பேர்தான். அதன்பிறகு மனைவி படுத்தால் படுத்தபடி, உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி. சமையல், துணி, கடைகண்ணி எல்லாம் அவன் தலையில். அது அவனுக்குப் பாரமே இல்லை. சாப்பிட உட்காரும்போது கை தானாக மூன்று தட்டு எடுக்கும். ஒன்றைத் திரும்ப வைக்கும்போது அவனுக்கே செத்துவிடலாம் போலிருக்கும். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? ஏதாவது செய்துகொண்டுவிடுவாளோ என்ற பயத்தில், வீட்டிலிருந்த மாத்திரையை எல்லாம் ஆபீஸ் பையிலேயே போட்டுக்கொண்டு அலைகிறான்.

அவளிடம் மிஞ்சியது ஒரே ஒரு பழக்கம். துண்டுத் துணிகளை இணைத்து குவில்ட் போர்வை தைப்பவள் அவள். பூவும் கொடியும் கிடையாது. பெரிய கட்டம், ஒல்லிக் கோடு, ஒரு பக்கம் வெறுமனே விட்ட இடம் என்று எல்லாம் இந்தக் காலத்து டிசைன். கை பழகுவதற்காகத் தினமும் பெயிண்ட் கடைக்குப் போய், கலர் மாதிரி காட்டுகிற ஷேட் கார்டு ஒன்று வாங்கி வருவாள். அதிலுள்ள நாலு கலரையும் வைத்து அன்றைக்கே ஒரு சின்னச் சதுரம் தைத்து முடித்தாக வேண்டும். அது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

அதற்கும் வந்தது வினை. விதவிதமான கலரை விற்கிற மனுஷன்தான். ஆனால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். முன்பெல்லாம் ஒன்றும் பேசாமல் கார்டை நீட்டிக்கொண்டிருந்தவர், இவர்கள் வீட்டில் இழவு விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“நேத்து கார்டுக்குத் தைச்சதைக் காட்டு. அப்புறம்தான் இன்னிக்குக் கார்டு.”

காட்டினால் நூறு நொட்டை. “இந்தப் பச்சைக்குப் பக்கத்துல ஆரஞ்சை எவனாவது வைப்பானா?” என்பார். “கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சியா?” என்பார். தினமும் பொருமிக்கொண்டே வருவாள்.

“நீ எதுக்கும்மா போய்ப் பேச்சு வாங்கறே? பேசாம படுத்துக்கோ. கார்டு நான் வாங்கிட்டு வரேன்” என்று அவன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான்.

இன்றைக்கு அழுகையையும் சொல்லிக் காட்டிவிட்டார். இதற்கு மேல் பொறுக்க முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டான்.

“எங்க போறீங்க?”

“இதோ வந்துடறேன். நீ என்ன பண்ணிட்டிருக்கே?”

“பிரிச்சுத் தைக்கிறேன். நாளைக்கு அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டணும்.”

கடையில் அப்போது கூட்டமில்லை. அது நல்லதாகப் போயிற்று.

“ஏன்யா, பெத்த வயிறு பத்திக்கிட்டு எரியுது. அவகிட்ட பேசற பேச்சா அது? கம்பெனிக்காரன் சும்மா கொடுக்கிற அட்டை. அதுக்கா இவ்வளவு அதிகாரம் பண்றீங்க?”

கடைக்காரர் “உள்ள வாங்க” என்று மட்டும் சொன்னார்.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை. அதன்மேல் பழைய ஷேட் கார்டு ஒன்று. பழைய கலரை மறைத்துப் புதிதாக நாலு பட்டை பூசியிருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை.

“கம்பெனிக்காரன் கார்டு கொடுக்கிறதை எப்பவோ நிறுத்திட்டான் சார். எல்லாத்தையும் போன்லயே பார்த்துக்கோன்னுட்டான். கையில இருந்த பழசை வச்சு நான்தான் தினமும் ஒண்ணு பூசறேன். இது நாளைக்கு உங்க வீட்டம்மாவுக்கு.”

இவ்வளவு செய்கிறவரையா முசுடு முசுடு என்று கரித்துக் கொட்டினோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“அவகிட்ட இதைச் சொல்லலையே?”

“சொன்னா பரிதாபப்பட்டுக் கொடுக்கறேன்னு நினைச்சு வரமாட்டாங்க.”

“சரி, அப்புறம் எதுக்கு அவளைத் திட்டறீங்க?”

கடைக்காரர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தார்.

“எங்களுக்கும் ஒரு பையன் இருந்தான். திடீர்னு போயிட்டான். என் வீட்டுக்காரியை நாங்க எல்லாரும் உள்ளங்கையில வச்சுத் தாங்கினோம். எழுந்திரிக்க வேண்டாம், எதையும் தொட வேண்டாம், பேசாம படுத்துக்கோன்னு. ஒருத்தர்கூட ஒரு சுடுசொல் சொல்லலை.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“அவளும் போயிட்டா.”

கார்டின் ஓரத்தில் வழிந்திருந்த நீலத்தை விரலால் ஒற்றி எடுத்தபடி அவர் சொன்னார்:

“யாராவது திட்டியிருந்தா, கோபத்துலயாவது எழுந்திரிச்சிருப்பா சார்.”