ஏழாவது கோடிட்ட இடம்

கோடிட்ட இடத்தைச் சொந்த வாழ்க்கையால் நிரப்பினால்தான் இங்கிலீஷ் வார்த்தை மண்டையில் நிற்கும் என்பது எஸ்தர் மிஸ்ஸின் முறை. மாடியில் நடந்த அந்தப் பெண்கள் வகுப்பில், ‘எனக்கு எதைக் கண்டால் பயம்’ என்ற வாக்கியத்துக்கு மற்றவர்கள் பல்லி, இருட்டு, மாமியார் என்று எழுதினார்கள். செண்பகவல்லி வளையலை மணிக்கட்டுக் காயத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ‘என் மகன்’ என்று எழுதினாள். தமிழில் யாரிடமும் சொல்ல வராதது இங்கிலீஷில் வந்துவிட்டது. மிஸ் படித்ததும் நோட்டை மூடி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்க்கா.” அந்தத் தைரியத்தில் செண்பகவல்லி, ராத்திரி தான் போட்டுக்கொண்டு தூங்கும், திருகாணி கழன்ற தாழ்ப்பாளைப் பற்றியும் சொன்னாள்.

பொங்கல் கழித்து, மிஸ் சொந்தமாக அச்சடித்த பயிற்சிப் புத்தகம் வந்தது. ஏழாவது வாக்கியத்தில் ஒரு தாய் கழன்ற தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். அவளுக்கு யாரைக் கண்டு பயம் என்ற இடத்தில் கோடு.

“புருஷன்” என்றார்கள். “திருடன்” என்றார்கள். செண்பகவல்லியின் எதிர்வீட்டு ஜெயக்கொடி கடைசிப் பக்கத்து விடையைப் புரட்டினாள்.

“மிஸ், மகன்னு போட்டிருக்கு! பெத்த பிள்ளைக்குப் போய் யாராச்சும் பயப்படுவாங்களா?”

வகுப்பே சிரித்தது. செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். மிஸ்ஸும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அது அச்சுப்பிழைம்மா, அடிச்சிருங்க. செண்பகாக்கா, அந்த இடத்துக்கு நீங்களே ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க.”

எல்லோரும் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, பேனாவைப் பிடித்தபடி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.