ஒரு விரல் இடைவெளி

ஜன்னல் மறுபடியும் திறந்திருந்தது.

பெய்ரூட்டின் ஜனவரிக் காற்று நேராக டாக்டர் வஜீஹின் பிடரியில் வந்து அடித்தது. மேஜை மேலிருந்த தாள்கள் தரையெல்லாம் பறந்தன. வகுப்புக்குள் நுழைந்ததுமே அந்த ஜன்னலை அவர்தான் தன் கையால் மூடியிருந்தார். பலகையில் எழுதத் திரும்பிய நேரத்தில் யாரோ வந்து திறந்திருக்கிறார்கள்.

யார் என்று விசாரிக்கத் தேவையில்லை. பத்தூல் அப்போதுதான் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

இன்னொரு தடவை திறந்தால் பரீட்சை எழுத விடமாட்டேன் என்று போன வாரமே சொல்லியிருந்தார். பரீட்சை போனால் அவளுடைய உதவித்தொகை போய்விடும். உதவித்தொகை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். தெற்கே அவள் ஊரில் வீடு என்று சொல்ல ஒரு சுவர்கூட மிச்சமில்லை. இதெல்லாம் அவருக்கும் தெரியும்.

வஜீஹ் பொல்லாதவர் இல்லை. போரில் அடிபட்ட பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்பதுதான் அவருடைய பாடமே. வெகுகாலம் மாண்ட்ரியலில் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே இடம் காலியானதும் வந்து சேர்ந்தவர். பல்கலைக்கழகத்தின் மற்ற ஆசிரியர்களுக்கும் அவர்தான் பயிற்சி கொடுக்கிறார்.

மாணவர்களிடம் கேலியாகத்தான் பேசுவார். எல்லோரும் எதிர்ச்சுவரோரமாக நெருக்கியடித்து உட்காருவதைப் பார்த்து, சுவர் விழாமல் முட்டுக் கொடுக்கிறீர்களா என்று தினமும் கேட்பார். ஒருவரும் சிரித்ததில்லை.

போர் நின்றுவிட்டது என்றார்கள். ஆனால் மேலே சுற்றும் ட்ரோன் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மாமியைச் சொல்வதுபோல மாணவர்கள் அதற்கு ‘உம் காமில்’, அதாவது காமிலின் அம்மா, என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்றைக்கும் காலையிலிருந்து அது ரீங்கரித்துக்கொண்டே இருந்தது.

தாள்களைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“உனக்கு என்னதான் கேடு?” என்று கத்திவிட்டார்.

அவருக்குப் பின்னால் திரையில் அன்றைய பாடத்தின் முதல் வரி பெரிதாகத் தெரிந்தது: ‘உனக்கு என்ன கேடு என்று கேட்காதீர்கள். உனக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.’

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

பத்தூல் சிரிக்கவில்லை. அழவும் இல்லை.

“ஒரு விரல் அளவு திறந்து வச்சா, பக்கத்துல குண்டு விழுந்தாலும் கண்ணாடி சட்டுனு நொறுங்காது, டாக்டர். நாங்க எல்லாம் தள்ளித்தான் உக்காந்திருக்கோம். ஜன்னலை ஒட்டி உக்காருறது நீங்க ஒருத்தர்தான்.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். மரச்சட்டம் பழையது, அதில் அங்கங்கே பெயர்ந்த தழும்புகள். கண்ணாடி மட்டும் புத்தம் புதியது. இத்தனை நாளும் இது கண்ணில் படாமல் போனதெப்படி?

வேலைக்கு அழைப்பு வந்த அன்று, மாண்ட்ரியலில் நண்பர்களுக்கெல்லாம் பக்லாவா இனிப்பு வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. இந்த இடம் எப்படிக் காலியானது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேளுங்கள், கேளுங்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய் அது.

அவரே போய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்தார். குளிர் முகத்தில் அறைந்தது, அது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு மெல்லக் கேட்டார்.

“என்னம்மா நடந்தது?”

பத்தூல் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு முந்தி டாக்டர் ஹனாதி அதுலதான் உக்காந்திருந்தாங்க. குளிருது, ஜன்னலை மூடிருங்கன்னு நான்தான் சொன்னேன்.”