ராமசுப்புவின் மூச்சுப் பயிற்சி

“இழுக்கச் சொன்னா ஊதுறீக, ஊதச் சொன்னா இழுக்குறீக. யோகா பண்றீகளா, கரி மூட்டத்துக்குத் தீ வைக்கிறீகளா?”

கட்டிலில் இருந்தபடியே கத்தினாள் நாகஜோதி. கீழே பாயில், ஜன்னலில் சாத்தி வைத்த செல்போனுக்கு முன்னால் அவள் புருஷன் ராமசுப்பு உட்கார்ந்திருந்தார். திருச்சுழிக் காட்டில் சீமைக்கருவேலம் வெட்டிச் சுமந்து, மூட்டம் போட்டுக் கரி சுட்ட உடம்பு. சம்மணம் போட்டால் முழங்கால் ‘மடக்’கென்று சத்தம் போட்டது.

ஆபரேஷன் நடந்தது அவருக்கல்ல, நாகஜோதிக்கு. நுரையீரலில் புற்று என்று மதுரையில் ஒரு பகுதியை அறுத்து எடுத்திருந்தார்கள். “பயிற்சி செய்யலைன்னா சளி கட்டும், தோளும் இறுகிரும். மறுபடி படுக்கைதான்” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, ஆன்லைன் யோகாவில் சேர்த்துவிட்டார்.

“கண்டவுக முன்னாடி கையக் காலத் தூக்க மாட்டேன்” என்று அவள் மறுத்துவிட்டாள்.

“அப்ப நான் உக்காருறேன்” என்று இவர் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணே, வலது கையக் காத ஒட்டித் தூக்குங்க” என்றாள் போனில் சுகப்பிரியா டீச்சர்.

ராமசுப்பு இடது கையை நேராக நீட்டினார்.

“நரிக்குடி பஸ்ஸையா மறிக்கிறீக?” நாகஜோதிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்தாள். “இந்தா பாருங்க, இப்பிடி!”

அவள் வலது கை மெல்ல ஏறிக் காதைத் தொட்டது. “இப்ப மூச்ச இழுங்க… விடுங்க…” சொல்லிக்கொண்டே அவளும் இழுத்தாள், விட்டாள்.

வகுப்பு முடிந்ததும் ராமசுப்பு போனோடு கொல்லைக்கு நழுவினார்.

“பாத்தீகளா டீச்சர்? காதத் தொட்டுட்டா! நாளைக்கும் தப்பாவே செய்றேன். சொல்லிராதீக!”

போனை நாகஜோதியிடம் கொடுத்துவிட்டு, சிரித்தபடி ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனார். அவர் தலை மறைந்ததும் அவள் டீச்சரைக் கூப்பிட்டாள்.

“டீச்சரம்மா, அவுக நடிக்கிறது எனக்கு மொத நாளே தெரியும். காட்டிக்குடுத்துராதீக. காலையில அவுக கண்ணு முழிக்குமுன்னயே நான் எல்லாத்தையும் தனியாச் செஞ்சுருறேன். நான் வகுப்புல உக்காந்தா, அவுக எந்திரிச்சுப் போயிருவாக. மூச்சுப் பயிற்சி செய்றவுக பீடியத் தொடக்கூடாதுன்னு நீங்க சொன்னதுலருந்து, கல்யாணத்தன்னைக்குக்கூட விடாத பீடிய விட்டுருக்காக!”