கடலுக்குப் போகும் வழி

மாசி மகத்தன்று குப்பத்து அம்மனைச் சுமந்துகொண்டு பல்லக்கு கடலுக்குப் புறப்பட்டது. முன்னால் மேளம் முழங்கிப் போனது. ஒரு தெரு தாண்டியதுமே தூக்கியவர்கள் காலில் அலை பட்டது.

"அதுக்குள்ள வந்துட்டோமா? எனக்கு இன்னும் சூடே ஏறலையே!" என்று சலித்துக்கொண்டது மேளம்.

"முன்னெல்லாம் வழியில மூணு இடத்துல தோள் மாத்துவாங்க," என்றது பல்லக்கு. "சவுக்குத் தோப்பு, வலை காயப்போடுற மேடு, பழைய ஐஸ் கம்பெனி. மூணும் இப்ப தண்ணிக்குள்ள."

"நல்லதுதானே! தூக்குறவங்களுக்குத் தோள்வலி மிச்சம்."

"இப்படியே போனா, அம்மனைக் குளிப்பாட்டக் கடலே கோயிலுக்கு வந்துடும். என்னைத் தூக்க வேண்டிய வேலையே இருக்காது."

மேளம் பதறியது. "அப்ப என்னையும் அடிக்க மாட்டாங்களா?"

"உன்னை அடிப்பாங்க," என்றது பல்லக்கு. "வீட்டைக் காலி பண்ணச் சொல்லி."