மஞ்சள் துண்டுகள் நாற்பத்தொன்று

நீலம் ஆறு. வெள்ளை மூன்று. மஞ்சள் நாற்பத்தொன்று.

ஒவ்வொரு நிறத்துக்கும் மேசைமீது ஓர் ஆணி வைத்திருக்கிறேன். விளம்பரத்திலிருந்து கிழித்த துண்டைக் கொண்டுவருபவருக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. துண்டை வாங்கி, அதன் நிறத்துக்குரிய ஆணியில் குத்திவிடுவேன். எந்த விளம்பரம் எத்தனை பேரைக் கடைக்கு அழைத்து வந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நீலம், கடை விளம்பரத் தாள். வெள்ளை, பத்திரிகை. மஞ்சள், காணாமற்போன பூனைக்கான அறிவிப்பு.

அந்த அறிவிப்பைப் பணம் வாங்காமல் அச்சிட்டுக் கொடுக்கிறேன். அதன் அடியில் என் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் போட்ட தள்ளுபடித் துண்டுகள் இருக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பறவைத் தீனியும் பூனை உணவும் விற்பவளின் விளம்பரத்தை அலெக்ஸாந்திரியாவில் ஒருவரும் நின்று படிப்பதில்லை. காணாமற்போன பூனையின் முகத்துக்கு முன்னால் எல்லாரும் நிற்கிறார்கள்.

சனிக்கிழமை, கடைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரனான என் தங்கை மகன் ஷெரீஃப் வருவான். விளம்பரத்தால் ஆள் வரவில்லையென்றால் கடையைக் கைபேசி வியாபாரி ஒருவனுக்குக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்திருக்கிறான். கடையின் பின்னறையில்தான் நான் வசிக்கிறேன்.

துண்டுகளை விற்பனைச் சீட்டுகளோடு ஒப்பிட்டேன். நீலமும் வெள்ளையும் சரியாக இருந்தன. மஞ்சளில் ஒன்று மிகுதி. அதில் எப்போதுமே ஒன்று மிகுதி.

கதவு திறந்தது. மழையையும் உடன் அழைத்துக்கொண்டு வாஸிஃப் உள்ளே வந்தார். சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், பூனையைத் தொலைத்தவர். ஐந்து வாரங்களாக வியாழன்தோறும் வருகிறார்.

"மதாம் தௌலத், தேர்தல்ல நிக்கிறவன் மூஞ்சிகூட இத்தனை சுவத்துல இல்ல. நம்ம பூனை பஸ்பூஸா நின்னா ஜெயிச்சிடுவா போல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தார். "யாராவது ஃபோன் பண்ணாங்களா?"

"ஒருத்தரும் பண்ணல, உஸ்தாத்."

அது உண்மை. நான் பொய் சொல்வதில்லை.

அவர் நாற்காலியில் அமரவில்லை. நனைந்த தொப்பியை இரு கைகளாலும் பிழிந்துகொண்டே நின்றார்.

"என் சம்சாரம் இன்ஸாஃப் சமையலறை ஜன்னலை மூட விடமாட்டேங்கிறா. பூனை அந்த வழியாத்தான் வருமாம். மழை உள்ளயே கொட்டுது. அவளுக்கு நெஞ்செல்லாம் சளி, ராவெல்லாம் காய்ச்சல். இப்படியே போனா இந்த வாரம் தாண்டமாட்டாங்கிறார் டாக்டர். நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க மட்டும் 'இனிமே வராது'ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா, இன்னைக்கே மூடிடுவா."

வெளியே, ஆண்டுதோறும் டிசம்பரில் வரும் காஸிம் புயல் டிராம் கம்பிகளை உலுக்கிக்கொண்டிருந்தது.

நான் அறிவிப்புத் தாளை எடுத்து, பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்தேன். சாம்பல் நிறம். இடக்காது கிழிந்தது. கழுத்தில் சிவப்புப் பட்டை, பித்தளை மணி. பிழை இல்லை.

"பத்துத் தாள் தர்றேன். இந்தத் தடவை கிளியோபாட்ரா டிராம் நிறுத்தத்துல ஒட்டுங்க. அந்தப் பக்கமிருந்து இன்னும் யாரும் வரல."

அவர் முகம் மலர்ந்தது.

"அங்க நான் தேடவே இல்லையே! அப்ப நம்பிக்கை இருக்குன்றீங்க. இருங்க, இதை முதல்ல அவகிட்டச் சொல்லிடறேன்."

ஒட்டுவதற்கு நாடா கேட்டார். பாதி தீர்ந்த சுருள் ஒன்று மேசை இழுப்பறையில் இருந்தது. அதைத் திறக்காமல், அலமாரியிலிருந்து புதிய சுருளை எடுத்துக் கொடுத்தேன்.

தாள்கள் நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அவர் தெருவைக் கடக்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஆணியிலிருந்த மஞ்சள் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

அடியில் இருந்தது, அறிவிப்பு ஒட்டிய மறுநாள் காலையிலேயே வந்தது. கொண்டுவந்தவர் தெரு கூட்டுபவர். அவர் தொலைபேசியில் அழைக்கவில்லை, நேரில் வந்தார். ஒரு கையில் அந்தத் துண்டு இருந்தது. மறு கையில், டிராம் தண்டவாளத்திலிருந்து எடுத்த சிவப்புப் பட்டை இருந்தது.

அன்று மாலையே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மாலைக்குள் மேலும் நான்கு மஞ்சள் துண்டுகள் வந்துவிட்டன.

இழுப்பறையை இழுத்தேன். எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் அந்த மணி ஒலித்துவிடுகிறது. முதல் துண்டை அதன் அருகில் வைத்து மூடினேன்.

மஞ்சள், நாற்பது.

எதையும் வாங்காதவரின் துண்டை ஆணியில் குத்தியிருக்கக் கூடாது. நான் செய்த பிழை அது ஒன்றே.