இருநூற்றுப் பன்னிரண்டு சதவீதம்

“முப்பத்தெட்டு பர்சன்ட் மாமா!” என்று கியோங்தே சொன்னபோது, இன்சப்பின் வாயில் புத்தாண்டு சூப்பின் அரிசி வில்லை ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் அவன் சிரிக்கவில்லை.

கியோங்தே அவனுக்குச் சகலை. இந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. மூத்தவர் என்பதைத் தவிர அவரை மதிக்க இன்னொரு காரணம் இன்சப்புக்கு இதுவரை அகப்படவில்லை.

மாமனார் முப்பத்தொரு வருஷம் இன்ச்சோனில் பஸ் ஓட்டிவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். வந்த பணம் மொத்தத்தையும் பங்குச்சந்தையில் போட ஆசை. எந்த மாப்பிள்ளையின் லாபம் அதிகமோ அவர் கையில் ஒப்படைத்துவிடுவதாக, காலையில் எல்லோரும் விழுந்து வணங்கும்போதே அறிவித்திருந்தார்.

அன்றிலிருந்து, அதாவது காலை எட்டு மணியிலிருந்து, கியோங்தே மாமனாருக்குக் காலணி எடுத்து வைக்கிறார்.

“போன ஜனவரியில ஒரு கோடி வோன் இருந்துச்சு மாமா. இப்ப ஒரு கோடியே முப்பத்தெட்டு லட்சம்.”

இன்சப்புக்குக் கூசியது. சதவீதத்தை யாரும் யாரிடமும் கேட்கலாம், சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரி. தொகையைக் கேட்பது சம்பளத்தைக் கேட்பது மாதிரி. கேட்காமலே சொல்கிறவரை என்ன செய்வது?

“அண்ணே, மாசாமாசம் சம்பளத்துலேருந்து நாலு லட்சம் போட்டீங்களே, அது?”

“அதுவும் அதுக்குள்ளதான் இருக்கு.”

“அப்ப நீங்க போட்டது ஒரு கோடியே நாப்பத்தெட்டு. இருக்கிறது ஒரு கோடியே முப்பத்தெட்டு.”

கியோங்தே விரல் விட்டு எண்ணினார். பிறகு வேறொரு விரலிலிருந்து தொடங்கி எண்ணினார்.

“சந்தை ஏறுச்சே சகல!”

“ஓட்டைத் தொட்டியில குடம் குடமா ஊத்திட்டு, ஊத்து பொங்குதுங்கிறீங்களே அண்ணே.”

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். கியோங்தேயின் மனைவி சிரிக்கவில்லை. லாபத்தில் வாங்கித் தருவதாகச் சொன்ன, கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே இருக்கும் ஃப்ரிட்ஜுக்கு அவள் போன வாரமே சமையலறையில் இடம் ஒதுக்கியிருந்தாள். கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள்.

இன்சப்புக்கு அவள்மேல்கூடப் பரிதாபம் வரவில்லை. ஒரு கழித்தல் கணக்குப் போடத் தெரியாதவரைக் கட்டிக்கொண்டவள்.

“நீ எவ்வளவு மாப்ள?” என்றார் மாமனார்.

இன்சப் அலட்டிக்கொள்ளவில்லை. வாயைத் துடைத்தான். போனைத் திருப்பிக் காட்டினான்.

இருநூற்றுப் பன்னிரண்டு சதவீதம். கொரியச் சந்தையில் லாபத்துக்கே உரிய சிவப்பில்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். மாமியார் கியோங்தேயின் பக்கம் போய்க்கொண்டிருந்த விலா எலும்புத் துண்டை நடுவழியில் திருப்பி இன்சப்பின் தட்டில் வைத்தார். அவன் மனைவி சேரன், கல்யாணத்தன்றுகூடப் பார்க்காத பார்வை பார்த்தாள்.

எவ்வளவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு என்று யாரும் கேட்கவில்லை. நாகரிகமான குடும்பம்.

மாமனார் அங்கேயே, சூப் ஆறுவதற்குள், போனில் கட்டைவிரலை வைத்தார். பதினைந்து கோடி வோன் இன்சப்பின் கணக்குக்கு வந்து மணியடித்தது.

“முப்பத்தொரு வருஷம் மாப்ள. பத்திரம்.”

“நீங்க நிம்மதியாத் தூங்குங்க மாமா.”

“எதை வாங்கப் போற?”

“சந்தை திறக்கட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்து கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான்.

வெளியே கியோங்தே கதவைத் தட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “சகல, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். ஃப்ரிட்ஜாவது வாங்கிக்கிறேன்.”

“எல்லாருக்கும் வராது அண்ணே.”

இன்சப் திரையை மேலே தள்ளினான், கீழே தள்ளினான். பங்கு வாங்க எதை அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை.

அவன் இதுவரை எதையும் வாங்கியதில்லை. அந்தக் கணக்கில் இருந்தது ஒரே ஒரு பங்கு. கணக்குத் தொடங்கிய எல்லோருக்கும் தரகு நிறுவனம் இலவசமாகப் போட்டுவிட்டது.